108 வண்டியில் வருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனி. காலை பத்து மணி. பின்பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு. அதை எடுத்துவிடலாம் என்று ஒருவர் ஏணி வைத்து உள்ளே இறங்குகிறார். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. மேலே நின்றவர் எட்டிப் பார்க்கிறார். உள்ளே கூட்டாளி குப்புறக் கிடக்கிறார். "டேய்!" என்று கத்திக்கொண்டே இவரும் இறங்குகிறார். பாதி ஏணியிலேயே கை விட்டுப்போய் விழுகிறார். மேஸ்திரி பதறிப்போய் 108-க்குப் போன் போடுகிறார்.

வண்டி வந்து நிற்கிறது. அதில் இரண்டே பேர். ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் மருத்துவ உதவியாளர். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

"சார், சீக்கிரம் எறங்குங்க சார்! ரெண்டு பேரு உள்ள கெடக்குறாங்க!"

அவர் இறங்கவில்லை. தொட்டியின் விளிம்புக்குக்கூடப் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார். மூன்றாவதாக இறங்கத் தயாராக நின்ற ஒரு பையனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்கிறார், ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துத் தயாராக வைக்கிறார். கூட்டத்துக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

"இன்னாய்யா சும்மா நிக்கிற? இதுக்குத்தான் வந்தியா?"

அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறாரே, அதுதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம். வேலையிலேயே கஷ்டமான பாடமும் அதுதான்!

வேகமாக ஓட்டினால் போதுமா?

ஆம்புலன்ஸ் என்றாலே சைரன் போட்டுக்கொண்டு பறக்கிற வண்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது? இந்த நினைப்பு நம்மூரில் மட்டும் இருந்ததல்ல. அமெரிக்காவிலேயே 1960கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் சவ அடக்க நிறுவனத்துக்காரர்கள்தான். ஆளைப் படுக்க வைக்கிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது! 1966-ல் விபத்துச் சாவுகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்த பிறகுதான், வண்டியில் போகிறவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. அடுத்த வருடமே பிட்ஸ்பர்க் நகரத்தில், வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. மாரடைப்புக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும் முறையை வளர்த்தெடுத்த பீட்டர் சஃபார் என்ற மருத்துவர்தான் அவர்களுக்கான பயிற்சியை உருவாக்கினார்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2005-ல் ஹைதராபாத்தில் பிறந்த இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் அரசோடு சேர்ந்து இதை நடத்த வந்தது. வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுநரை 'பைலட்' என்பார்கள். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர்கள் மட்டுமல்ல, பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி படித்தவர்களும் வரலாம். தேர்வானவர்களுக்கு ஏறத்தாழ 50 நாள் பயிற்சி. வகுப்பறை, ஆஸ்பத்திரி, வண்டி என்று மூன்று இடத்திலும் பாடம் நடக்கும். பிறகு பகலோ இரவோ, 12 மணி நேர ஷிஃப்ட்.

ஐம்பது நாளில் ஒருவரை டாக்டர் ஆக்க முடியாது. என்னவெல்லாம் செய்யலாம் என்பதோடு, எதைச் செய்யவே கூடாது என்பதையும் அந்த ஐம்பது நாளில் மனதில் பதிய வைக்க வேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் நீளும் இந்தத் தோல் பெல்ட்டில் அந்த இரண்டாவது பாடத்துக்கு மதிப்பு அதிகம். ஏன் என்று பார்க்கலாம்.

வாசனை நின்றால் ஆபத்து

பச்சைத் தோலில் இருக்கிற முடியை நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ஊற வைப்பார்கள். பிறகு வேறொரு கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசலில் போட்டு, அதன்பின் குரோம் ஏற்றுவார்கள். சல்பைடு கலந்த கழிவும் அமிலக் கழிவும் தனித்தனியாகப் போகும்வரை பிரச்சினை இல்லை. இரண்டும் ஒரே தொட்டியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அமிலம் கலக்காவிட்டாலும்கூட, நாள்பட்டுத் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களே இந்த வாயுவை உண்டாக்கிவிடும்.

அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூட லேபில் படித்திருப்பீர்கள், அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியில் தங்கிவிடும். இதில் பயங்கரமான விஷயம் ஒன்று உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 100 பங்கைத் தொட்டால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகிறது. நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று சொல்கிற நிமிடம்தான் மிக ஆபத்தான நிமிடம்! 700, 1000 பங்கு என்று போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி இது தடுத்துவிடுகிறது. சயனைடு செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

அதனால்தான் இரண்டாவது ஆள் விழுகிறார், மூன்றாவது ஆளும் விழுகிறார். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவிகிதத்துக்கும் மேல், காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர் போகிறது! முதலில் விழுந்தவர் மேல் இருக்கிற பாசம்தான் அடுத்தவரை இழுத்துக்கொண்டு போகிறது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே ஊர்க்காரர்கள் என்று சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் யார் சும்மா நிற்பார்கள்?

ஆம்புலன்ஸ் ஊழியருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. ஆனால் அது நோயாளிக்கானது. அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விஷவாயுவுக்குள் போக முடியாது. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி, முகத்தை முழுதாக மூடும் சுவாசக் கருவியோடு இறங்க வேண்டியவர்கள் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் மேலே கொண்டு வந்த அடுத்த நொடி ஆம்புலன்ஸ்காரரின் வேலை ஆரம்பம். நல்ல காற்றுள்ள இடத்துக்கு நகர்த்துவது, நனைந்த துணியைக் கழற்றுவது, ஆக்சிஜன் கொடுப்பது, மூச்சில்லாவிட்டால் பை அழுத்தி மூச்சு கொடுப்பது. வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. விழுந்தவரின் மூச்சிலும் துணியிலும் இருக்கிற வாயு உதவி செய்பவரையும் சாய்த்துவிடலாம்.

தோல் தொழில் இருக்கிற இடமெல்லாம் இந்த ஆபத்தும் கூடவே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் கொல்கத்தா பக்கத்தில் பந்தலா தோல் வளாகத்தில் சாக்கடைக் குழியில் மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ராணிப்பேட்டையை யாரும் மறந்திருக்க முடியாது. 2015 ஜனவரி 31 விடியற்காலை, சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, சேறு பக்கத்துக் கம்பெனிக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தண்ணீரா, துடைப்பதா?

தோல் கம்பெனியில் குழி மட்டும்தான் ஆபத்து என்றில்லை. மேலே அமிலம் தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு அல்ல, குறைந்தது இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். அமிலத்துக்கு மாற்று சுண்ணாம்புதானே என்று அதைப் பூசிவிடக் கூடாது. இரண்டும் சேரும்போது கிளம்புகிற சூடே தோலை வேக வைத்துவிடும்.

சரி, காய்ந்த சுண்ணாம்புத் தூள் மேலே கொட்டினால்? அப்போது முதலில் தண்ணீர் கூடாது. தூளைத் தட்டி உதறிவிட்டு, பிறகுதான் நிறைய தண்ணீர் விட வேண்டும். கண்ணில் விழுந்திருந்தால் மட்டும் ஒரு நொடிகூடக் காத்திராமல் கழுவ ஆரம்பிக்க வேண்டும். எனவே வண்டியிலிருந்து இறங்கினவுடன் "இன்னா கெமிக்கல்?" என்று கேட்பதும், முடிந்தால் கேன் மேல் ஒட்டியிருக்கிற லேபிளை செல்போனில் படம் பிடித்துக்கொள்வதும்கூட இந்த வேலையின் பாடம்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஷூ கம்பெனிகளில் தோலை அச்சு வைத்து வெட்டும் பிரஸ் இருக்கிறது. விரல் மாட்டினால் போயே போச்சு. துண்டான விரலை ஐஸ்கட்டிக்குள் நேராகப் போட்டு எடுத்து வருவார்கள், பாவம், நல்லது என்று நினைத்து. அப்படிப் போட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். கை அறுவை சிகிச்சையில் வேலூருக்குப் பழைய பெருமை உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் வேலை செய்ய வைத்த டாக்டர் பால் பிராண்ட் சி.எம்.சி.யில்தான் அதை வளர்த்தெடுத்தார். அங்கே கைக்கான சிகிச்சைப் பிரிவு அவர் பெயரில் இருக்கிறது. விரல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தால்தானே எந்த டாக்டரும் எதையாவது செய்ய முடியும்?

நெடுஞ்சாலையில் ஒரு முதுகெலும்பு

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர்களை ஒட்டித்தான் போகிறது. விபத்து என்றால் நல்ல மனசுள்ள பத்து பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கையைப் பிடிப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார், தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போகலாம். வண்டி தீப்பிடித்தாலொழிய, கழுத்தை அசையாமல் பிடித்து, பட்டை போட்டு, பலகையில் மெல்ல உருட்டித்தான் ஏற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது 'மெதுவாக வேலை செய்வது' போலத்தான் தெரியும்.

முதுகெலும்புக் காயம் என்றால் என்ன என்று வேலூருக்கு நன்றாகவே தெரியும். சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு அவரே தலைமை ஏற்றார். இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் உள்நோயாளி மையம் அது.

பிரசவத்திலும் இதே கதைதான். 108-க்கு வரும் அழைப்புகளில் கர்ப்பிணிகளுக்கானவை ஏராளம். வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் தலையை இழுக்கக் கூடாது, கையால் தாங்க மட்டும் வேண்டும். நஞ்சுக்கொடியையும் இழுக்கக் கூடாது. குழந்தையைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு வைத்து, மூடி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏலகிரி, ஜவ்வாது மலை அடிவாரங்களில் பாம்புக்கடி வரும். இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கட்டு விரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்பார், கண் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். அந்தத் தொங்கும் இமையைக் கவனிக்கிற கண் வேண்டும். கடித்த இடத்தை அசைக்காமல் வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் வண்டி போக வழி வேண்டுமே! 2023 மே மாதம், அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைத் திரும்பக் கொண்டு வந்த ஆம்புலன்ஸும் வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறிய செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் தார் போடாத ரோட்டுக்கு அது மருந்தாகாது.

யோசிக்கவே கூடாத நேரம்

இவ்வளவு 'கூடாது' சொன்னதால், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டால் யோசிக்க நேரமே இல்லை. உடனே நெஞ்சின் நடுவில் கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். விலா எலும்பு உடைந்தாலும் பரவாயில்லை, நிறுத்தக் கூடாது. அதேபோல ரத்தம் பீறிட்டால் அடுத்த நொடியே காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தாக வேண்டும்.

எங்கே கை நிற்க வேண்டும், எங்கே கை நிற்கவே கூடாது என்று சில நொடிகளில் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் அறிவு. புத்தகத்தில் இரண்டும் தனித்தனிப் பாடம். தெருவில் இரண்டும் ஒரே நேரத்தில் வரும், நாலு பக்கமும் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது!

அந்தக் கத்தலும் ஒரே மொழியில் இருக்காது. ஆம்பூரில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் சாதாரணமாகக் காதில் விழும். கம்பெனிகளில் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பையன்கள் வேலை செய்கிறார்கள். "எங்கே வலிக்குது?" என்பதற்குப் பதிலாக "கஹாங் தர்த் ஹை?" என்று கேட்கத் தெரிந்தால், அடிபட்டவர் முகத்தில் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் எந்த ஆஸ்பத்திரி என்ற கேள்வி. பக்கத்தில் ஆம்பூர் அரசு மருத்துவமனை. வேலூர் ஏறக்குறைய 50 கி.மீ. அங்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சி.எம்.சி.யும். 2022-ல் செயல்படத் தொடங்கிய சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் இன்னும் கொஞ்சம் தள்ளி. ரத்தம் நிற்காதவரை முதலில் பக்கத்தில் நிலைப்படுத்துவதா, தலையில் அடிபட்டவரை நேராகப் பெரிய இடத்துக்கே கொண்டு போவதா? சொந்தக்காரர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், நோயாளியின் நிலைமை வேறொன்று சொல்லும். நடுவில் அந்த இருபத்தைந்து வயது!

ஒரு கணக்கு

பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. நியாயமான தீர்ப்புகள்தான். ஆனால் இந்தப் பணம் ஆள் செத்த பிறகு எழுதுகிற செலவு. தொட்டி வாசலில் வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, இடுப்பில் கட்டி மேலேயிருந்து இழுக்கும் கயிறு, 'அனுமதியில்லாமல் இறங்காதே' என்று நாலு மொழியில் ஒரு போர்டு - இவை ஆள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டிய செலவு. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இரண்டாவதுதான் லாபம். அது சரியாக இருந்தால் 108 வண்டிக்கு அந்த வாசலில் வேலையே இல்லை.

மறுபடியும் முதல் காட்சிக்கே போய்ப் பாருங்கள். தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கருவி மாட்டிய வீரர்கள் இறங்கி இருவரையும் மேலே கொண்டு வருகிறார்கள். இரண்டாவதாக விழுந்தவருக்கு நாடி இருக்கிறது. ஆக்சிஜன் போகிறது. முதலில் இறங்கியவர் பிழைப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. உதவியாளர் அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்ட அந்த மூன்றாவது பையன் ஓரமாக நின்று அழுதுகொண்டிருக்கிறான். அவன் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போவான். தன்னை யார் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள் என்று அவனுக்கு இப்போது தெரியாது. சும்மா நிற்கிறார் என்று அவனும்தான் கொஞ்சம் முன்னால் திட்டினான்.

அடுத்த தடவை எங்காவது 108 வண்டி வந்து நின்று, அதிலிருந்து இறங்கியவர் உடனே ஓடாமல் சுற்றிமுற்றிப் பார்த்தால், தயவுசெய்து கத்தாதீர்கள் நண்பர்களே. என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன கெமிக்கல் என்று மூன்றை மட்டும் சொல்லிவிட்டு வழிவிடுங்கள். கூடவே, பக்கத்தில் இறங்கத் துடிக்கிற யாராவது இருந்தால் அவர் சட்டையையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.